தீவகத்தில் 12 கட்டில் தரும ஆஸ்பத்திரி: கட்டிடத்துக்கு முன்னம் என்ன வேணும்?

பனங்கூடல்:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில எங்கட ஊர்ச்சங்கத்துக்கு ஒரு காணி கிடைச்சிருக்கு. வெளிநாட்டுக் கிளைகள் எல்லாம் சேர்ந்து இலாப நோக்கமில்லாத ஒரு ஆஸ்பத்திரி தொடங்குறதெண்டு முடிவெடுத்திருக்கினம். இப்போதைக்கு திட்டம் இதுதான்: இரண்டு மாடி, 12 கட்டில், ஒரு சத்திரசிகிச்சைக் கூடம், ஒரு சீ.ரி. ஸ்கேன். பாவிச்ச கருவிகளை ஒரு கொள்கலன்ல ஏத்தி அனுப்ப கனடாக் கிளை ஆயத்தமா நிக்குது. ஊரில மிச்சமிருக்கிறது கூடுதலா வயது போன ஆக்கள். இரவில ஒண்டெண்டா பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுபோறதுக்கு வாகனம் பிடிக்கிறதே பெரும்பாடு. இந்தத் துறையில வேலை செய்யிற ஆக்கள் குறைகளை ஒளிக்காமல் எழுதுங்கோ.

நாற்சார்வீடு:
பனங்கூடல் அண்ணை, கட்டிடம் ஒருக்காத்தான் காசு கேக்கும். ஆஸ்பத்திரி மாதாமாதம் கேக்கும். முதல்ல ஆள்கணக்கைப் பாருங்கோ.

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒரு தாதி 45 மணித்தியாலம் வேலை செய்தா, ஒரே ஒரு இடத்தை இரவு பகலா நிரப்ப 3.7 பேர் வேணும். லீவு, சுகவீனம், பயிற்சி எல்லாம் சேர்த்தா 5 பேர். வாட்டில எந்த நேரமும் இரண்டு பேர் நிக்கவேணும். ஒருத்தர் மட்டும் நிண்டா, ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறேக்க மற்ற 11 பேரைப் பார்க்க ஆளில்லை. ஆக தாதியர் மட்டும் 10 பேர். டொக்ரருக்கும் இதே கணக்குத்தான். ஒருத்தரை நியமிச்சுப்போட்டு "24 மணித்தியாலமும் திறந்திருக்கும்" எண்டு பலகை எழுதினா, ஆறு மாதத்தில அந்த ஆள் களைச்சு விட்டுட்டுப் போயிடுவார். அதுக்குப் பிறகு பலகை மட்டும்தான் நிக்கும்.

வைப்புப் பணத்து வட்டியில நடத்தலாமெண்டு கனபேர் நினைக்கிறவை. வருட வட்டி 8 வீதமெண்டு வைச்சாலும் ஒரு கோடி ரூபாவுக்கு மாதம் 66,000 ரூபா சொச்சம்தான் வரும். அதில ஒரு தாதிக்குச் சம்பளம் குடுக்கிறதே இழுபறி. 10 பேருக்கு எவ்வளவு வைப்பு வேணுமெண்டதை நீங்களே பெருக்கிப் பாருங்கோ. பிறகு கட்டிடத்துக்கு எவ்வளவு மிஞ்சுமெண்டு சங்கத்தில கதையுங்கோ.

சட்டப்படி, இலாபமில்லாட்டிலும் இது தனியார் மருத்துவ நிறுவனம்தான். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ பதிஞ்சு ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேணும். மருந்தகம் வைச்சா பதிவுபெற்ற மருந்தாளர் கட்டாயம். எக்ஸ்ரேயோ சீ.ரி.யோ வைச்சா அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையின்ர அனுமதி வேணும், அதைச் சுவர் எழுப்புறதுக்கு முன்னமே கேக்கவேணும். சுவரின்ர தடிப்பு, ஈயத்தகடு எல்லாம் வரைபடத்தில இருக்கவேணும். கட்டி முடிச்சாப் பிறகு இடிச்சுத் திருத்துற நிலை வரக்கூடாது.

ஒல்லாந்தர்வீதி:
அடிப்படையிலயே ஒரு கேள்வி இருக்கு. ஊர்காவற்றுறையில ஆதார வைத்தியசாலை இருக்கு. வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவில பிரதேச வைத்தியசாலைகள் இருக்கு. மருந்தும் வைத்தியமும் இலவசம். அதுகளில ஆளணிக் குறை இருக்கிறது உண்மை. அந்தக் குறைக்குப் பக்கத்தில நீங்கள் ஒரு ஆஸ்பத்திரி கட்டினா, இருக்கிற கொஞ்ச டொக்ரர்மாரையும் தாதியரையும் பங்குபோடுறதாத்தான் முடியும். அந்தக் காசை அங்கத்தைய அபிவிருத்திச் சங்கத்துக்கூடாகக் குடுத்து, அவை கேக்கிறதைச் செய்யுங்கோ.

பனங்கூடல்:
ஒல்லாந்தர்வீதி ஐயா, உங்கட கருத்து கிளைகளிலயும் வந்தது. ஆனா "எங்கட ஊருக்கெண்டு ஒண்டு" எண்டுதான் சனம் காசு தருது.

நாற்சார்வீடு:
இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. தரும ஆஸ்பத்திரியள் இந்த மண்ணுக்குப் புதுசில்லை. இண்டைக்கு யாழ் போதனா வைத்தியசாலையா நிக்கிறது 1850 இல அரசாங்க அதிபர் டைக் காலத்தில தரும ஆஸ்பத்திரியாத் தொடங்கினதுதான். அதுக்கு முன்னமே, 1847 இல வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில செய்த பெரிய வேலை ஆக்களைப் படிப்பிச்சது. அதுவும் தமிழில. உடற்கூற்றியலுக்கும் மருந்தியலுக்கும் தமிழ்ச் சொல் தேடி நூல்களையும் மொழிபெயர்த்தவர். அவர் போனாப் பிறகும் வைத்தியம் நடந்தது அவர் படிப்பிச்ச ஆக்களால.

உங்கட காசில முதல் வருசம் ஊர்ப் பிள்ளையள் ஆறு பேரைத் தாதிப் பயிற்சிக்கும் ஆய்வுகூடப் பயிற்சிக்கும் அனுப்புங்கோ. இத்தனை வருசம் ஊரில வேலை செய்யவேணுமெண்டு ஒரு ஒப்பந்தம். தங்குறதுக்கு நல்ல விடுதி கட்டிக்குடுங்கோ. தீவகத்தில ஆள் நிக்காததுக்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமும் பயமில்லாத தங்குமிடமும் இல்லாததுதான் பெரிய காரணம்.

கட்டிலைப் பொறுத்தவரைக்கும் என்ர எண்ணம்: 12 வேண்டாம். நாலு அவதானிப்புக் கட்டில், பகல் கிளினிக், ஒரு நல்ல அம்புலன்ஸ், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற ஒரு குழு. அரச ஆஸ்பத்திரி செய்யாததை மட்டும் செய்தா ஆளுக்கு அடிபட வேண்டி வராது.

கறுத்தக்கொழும்பான்:
கருவிகளைப் பற்றி நான் எழுதுறன். கனடாக் கொள்கலனைத் தயவுசெய்து இப்ப நிப்பாட்டுங்கோ.

அங்க 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்க 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். "டிரான்ஸ்போமர் போட்டாச் சரி" எண்டு சொல்லுவினம். டிரான்ஸ்போமர் வோல்றை மாத்தும், ஹேர்ட்ஸை மாத்தாது. உதாரணத்துக்கு, காத்தில இருந்து ஒட்சிசனைப் பிரிச்சுக் குடுக்கிற ஒட்சிசன் கொன்சென்றேற்றரை எடுங்கோ. அதுக்குள்ள இருக்கிற கொம்பிரசர் மோட்டர் மின்சாரத்தின்ர ஹேர்ட்ஸோட சேர்ந்து சுத்துறது. 60க்குச் செய்ததை 50 இல ஓட்டினா ஆறில ஒரு பங்கு வேகம் குறையும். காத்தழுத்தம் குறையும். நைதரசனைப் பிடிக்கிற சல்லடைப் படுக்கை சரியா வேலை செய்யாது. 93 வீதம் வரவேண்டிய ஒட்சிசன் நல்லாக் கீழ இறங்கலாம். வெளியில காத்து வருது, மீற்றர்க் குண்டு 5 லீற்றரில நிக்குது. பார்க்கிறவைக்கு எல்லாம் சரி. நோயாளிக்கு மட்டும் போதாது. அதால எந்தக் கொன்சென்றேற்றர் எண்டாலும் கையளவு ஒட்சிசன் அளவுகருவி ஒண்டு வாங்கி மாதம் ஒருக்கா மிசினில ஒட்சிசன் வெளியில வாற இடத்தில பிடிச்சுப் பாருங்கோ.

இன்னும் சில:

ஆய்வுகூட மிசின்கள் சிலதுக்கு அந்தக் கொம்பனியின்ர இரசாயனத்தைத் தவிர வேற ஒண்டும் போடேலாது. மிசின் இனாமா வரும், பிறகு ஆயுளுக்கும் அந்தப் போத்தலுக்குக் காசு கட்டவேணும். கொழும்பில முகவர் இல்லாத மிசினை ஏற்கக்கூடாது.

சீ.ரி. வேண்டாம். மூன்று-பேஸ் மின்சாரம், 24 மணித்தியாலக் குளிரூட்டி, படம் வாசிக்கிற கதிரியல் நிபுணர், வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம், இது எல்லாம் வேணும். எக்ஸ்ரேக் குழாய் தேய்ஞ்சு போனா மாத்துற செலவில ஒரு அம்புலன்ஸ் ஒரு வருசத்துக்கு மேலயும் ஓடும். கையில பிடிக்கிற அல்ராசவுண்ட் ஒண்டும் ஈ.சீ.ஜி. மிசின் ஒண்டும் உங்களுக்குப் போதும்.

கடலுப்பு எங்களுக்கு ஒரு பெரிய எதிரி. கடற்கரையில இருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ள எண்டா, திறந்த யன்னலுக்குப் பக்கத்தில வைச்ச மிசினின்ர சர்க்கிற் பலகையில பச்சை பூக்கும். கருவி அறையை அடைச்சு வைச்சு, ஈரம் உறிஞ்சிப் பொதியைப் போட்டு மாதாமாதம் மாத்துங்கோ. வெளியில வைக்கிற ஆணி, கொக்கி எல்லாம் துருப்பிடிக்காத உருக்கா இருக்கட்டும்.

பனங்கூடல்:
கொன்சென்றேற்றரா சிலிண்டரா நல்லது?

கறுத்தக்கொழும்பான்:
இரண்டும் வேணும். 5 லீற்றர் கொன்சென்றேற்றர் ஏறக்குறைய 350 வாற்ஸ் எடுக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினா 8.4 யுனிற். கரண்ட் போற நேரத்துக்குச் சிலிண்டர். பெரிய சிலிண்டருக்குள்ள 7,000 லீற்றர் ஒட்சிசன் இருக்கும். நிமிசத்துக்கு 5 லீற்றர் விட்டா 1,400 நிமிசம், அதாவது 23 மணித்தியாலம். சின்னச் சிலிண்டரில 680 லீற்றர் அளவில இருக்கும். நிமிசத்துக்கு 10 லீற்றர் போற முகமூடியோட அது 68 நிமிசம்தான். நெடுந்தீவில இருந்து குறிகட்டுவானுக்குப் படகு வர ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. இறங்குதுறையில காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தாப் போதாது. பயண நேரத்தைக் கணக்குப் போட்டு அதை இரட்டிப்பாக்கி ஏத்துங்கோ. சிலிண்டரைப் படகின்ர சட்டத்தோட கட்டாமல் நிமித்தி வைக்கவே கூடாது.

ஒண்டை எல்லாரும் குறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ. சிலிண்டர் வால்வு இறுகிக் கிடந்தா எண்ணெய் பூசக்கூடாது. தேங்காயெண்ணெய், கிறீஸ், கைக்குப் பூசிற கிறீம், எதுவும் ஆகாது. அழுத்தமான ஒட்சிசன் எண்ணெயில பட்டா நெருப்பு வேண்டாமலே பத்தும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைச்சுப்போட்டுத்தான் றெகுலேற்றரைப் பூட்டவேணும். வால்வை முதல்ல ஒருக்கா மெல்லத் திறந்து தூசியை ஊதவிட்டு, பிறகு பூட்டுங்கோ.

ஆலடி:
நாலு கட்டிலோட எதைப் பார்க்கலாம், எதை உடன அனுப்பவேணுமெண்டு தெளிவா எழுதிச் சுவரில ஒட்டினாப் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டை மட்டும் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா இந்த இரண்டிலும்தான் சின்ன இடங்கள் கூடுதலாப் பிழைவிடும்.

பாம்புக்கடி. புடையனும் (கண்ணாடி விரியன்) சுருட்டையும் கடிச்சா இரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்க மிசின் வேண்டாம். ஒரு புதுக் கண்ணாடி ரியூப், 2 மில்லிலீற்றர் இரத்தம், 20 நிமிசம். அசைக்காமல் மேசையில வைச்சு, 20 நிமிசம் முடிய ஒருக்காச் சரிச்சுப் பார்க்கிறது. கட்டியா நிண்டா உறையுது, தண்ணிமாதிரி ஓடினா உறையேல்லை. இவ்வளவுதான். ஆனா பிழைவிடுற இடங்கள் கன. பிளாஸ்ரிக் ரியூப் எண்டா நல்ல இரத்தமே அந்த 20 நிமிசத்துக்குள்ள உறையாமல் போகலாம், ஏனெண்டா உறைதலைத் தூண்டுறது கண்ணாடியின்ர மேற்பரப்பு. சவர்க்காரம் போட்டுக் கழுவின கண்ணாடியும் அப்படித்தான். "உறையுதோ" எண்டு இடையில ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெடும். அதால கழுவாத புது ரியூப்களை ஒரு பெட்டியில தனியா வைச்சு, வேற வேலைக்கு எடுக்காமல் பூட்டுங்கோ. நேரத்தைக் கடிகாரத்தில பார்த்து எழுதுங்கோ. முதல் முடிவு நல்லா வந்தாலும் திருப்பித் திருப்பிச் செய்யவேணும், விசம் பிந்தியும் வேலை செய்யும்.

விச எதிர் மருந்து வைச்சிருக்கிறதா இல்லையா எண்டது பெரிய விவாதம். இந்தியப் பன்முக மருந்துதான் இங்க பாவனையில. புடையன் கடிக்கு வழமையா 20 குப்பி. உலர்ந்த தூளை ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய தண்ணியில கரைக்கவேணும். குலுக்கினா நுரைக்கும், உள்ளங்கைக்குள்ள மெல்ல உருட்டிக் கரைக்கிறது. 20 குப்பி கரைக்கவே இரண்டு பேருக்கு நல்ல நேரம் எடுக்கும். மருந்து ஏறேக்க ஒவ்வாமை அடிக்கடி வரும், அதால இலங்கையில முன்கூட்டியே தோலுக்கடியில 0.25 மில்லிகிராம் அட்ரீனலின் போடுறது வழமை. மூச்சு இழுக்கத் தொடங்கினா வளர்ந்த ஆளுக்குத் தொடையில 0.5 மில்லிகிராம். ஒட்சிசன், மூச்சுப் பை (கையால அமத்தி மூச்சுக் குடுக்கிற பை), பக்கத்தில ஒரு டொக்ரர், இது மூண்டும் அந்த நேரத்தில இல்லாட்டி மருந்தைத் தொடாதேங்கோ. அம்புலன்ஸைக் கிளப்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ.

நிலத்தில படுத்தவர் விடியச் சாமத்தில வயித்து நோவெண்டு எழும்பி, கொஞ்சத்தில கண்மடல் விழத் தொடங்கினா, கடிச்ச அடையாளம் இல்லாட்டிலும் கட்டுவிரியன் கடிச்சதெண்டு நினையுங்கோ. அவருக்கு வேண்டியது மூச்சு. வழி முழுக்க மூச்சுப் பையை அமத்தத் தெரிஞ்ச ஒருத்தர் வண்டியில ஏறவேணும்.

டெங்கு. இங்க மாரியோட, கார்த்திகை மார்கழி தையில, கூடும். நோயாளியைக் காப்பாத்துறது பீ.சீ.வி. எண்ட இரத்தத் தடிப்பு அளவு. அதைச் சுத்திப் பார்க்கிற சின்ன மிசின் 5 நிமிசம் முழு வேகத்தில சுத்தவேணும். கரண்ட் அழுத்தம் குறைஞ்சு வேகம் விழுந்தா செங்கலங்கள் இறுகாது, அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்து "இரத்தநீர் கசியுது" எண்டு சேலைனை ஏத்தினா நெஞ்சுக்குள்ள நீர் கோக்கும். அந்த மிசினுக்கு ஒரு வோல்ற்றேஜ் ஸ்ரெபிலைசர் கட்டாயம்.

இரத்தநீர் கசியிற கட்டத்துக்கு, எவ்வளவு நீர் குடுக்கலாமெண்டு எங்கட நாட்டு வழிகாட்டலில 48 மணித்தியாலத்துக்கு ஒரு மொத்தக் கணக்கு உண்டு. 50 கிலோ ஆளுக்கு: முதல் 10 கிலோவுக்கு 1,000, அடுத்த 10 கிலோவுக்கு 500, மிச்சம் 30 கிலோவில ஒவ்வொரு கிலோவுக்கும் 20 எண்டு 600, ஆக 2,100. இதோட உடல் எடையின்ர 5 வீதம் 2,500. மொத்தம் 4,600 மில்லிலீற்றர். குடிக்கிற தண்ணி, இளநீர், கஞ்சி எல்லாம் இதுக்குள்ளதான். வீட்டார் அன்பில ஊத்துற ஒவ்வொரு கோப்பையையும் எழுதவேணும். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் இதைச் செய்ய ஆளில்லாட்டி கசிவு தொடங்க முன்னமே அனுப்புங்கோ.

கடற்காற்று:
ஆலடி அண்ணை சொன்ன மூச்சுப் பை எப்பவும் அவசரத் தட்டில இருக்கும், முகமூடி மட்டும் வேற இடத்தில கிடக்கும். ஒவ்வொரு மாறுநேரமும் பொறுப்பெடுக்கேக்க பூட்டிப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற பழக்கம் வேணும். தொண்டைக்குள்ள பார்க்கிற லரிங்கஸ்கோப்பின்ர பற்றறி இருக்குதோ எண்டு அப்பவே லைற்றை எரிச்சுப் பாருங்கோ.

கிருமிநீக்கம் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஒட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தால கிருமிநீக்கிற மிசின்) 121 பாகையில, 15 இறாத்தல் அழுத்தத்தில, சுத்தின பொதிக்கு 30 நிமிசம். நேரத்தை எண்ணத் தொடங்குறது 121 வந்தாப் பிறகு. உள்ளுக்குள்ள காத்து முழுக்க வெளியேற முன்னம் வால்வைப் பூட்டினா அழுத்தமானி 15 காட்டும், ஆனா சூடு 121 வராது. பொதிகளை அமத்தி அடுக்கினா நடுவில நீராவி போகாது. வெளியில ஒட்டுற கோடுபோட்ட ரேப் கறுத்தா, பொதி சூட்டைக் கண்டிருக்கு எண்டுதான் அர்த்தம், கிருமி செத்ததெண்டு இல்லை. அதுக்குக் கிழமைக்கு ஒருக்கா, சூடு தாங்கிற கிருமி வித்து உள்ள பரிசோதனைக் குப்பி வைக்கவேணும். ஈரமா வெளியில வந்த பொதியை வைக்காதேங்கோ, ஈரத்துக்கூடாகக் கிருமி திரும்ப உள்ளுக்குப் போகும்.

எங்கட கிணத்துத் தண்ணியை அதுக்குள்ள ஊத்தவே கூடாது. இரண்டு மாதத்தில சூடாக்கிற கம்பியில கல்லுப் பிடிச்சு எரிஞ்சுபோகும்.

துலாமிதி:
கடற்காற்று அக்கா தண்ணியில கொண்டுவந்து விட்டதால தொடர்கிறேன். வலிகாமத்திலும் தீவகத்திலும் மண் மெல்லியது, அதற்குக் கீழே சுண்ணக்கல். கல்லுக்குள் வெடிப்பும் குகையும் உண்டு. குழியில் விடுகிற கழிவு நீர் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். வீட்டு மலசலகூடக் குழிகளாலும் தோட்டப் பசளையாலும் ஏற்கெனவே நைத்திரேற்று கூடிய கிணறுகள் இருக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் பால்மாவைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆஸ்பத்திரிக் கழிவில் மலம் மட்டுமல்ல, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கிருமிநாசினியும் சேரும். ஆகவே அடி திறந்த குழி வேண்டவே வேண்டாம். அடியும் சுவரும் மூடிய தொட்டி, அதற்குப் பின் சரளையும் நாணலும் வைத்த படுக்கை. இதை வரைபடத்தில் முதலாவதாகக் கீறுங்கள்.

தேவையின் அளவு: தங்கும் நோயாளி ஒருவருக்கு நாளுக்கு 60 லீற்றர், வெளிநோயாளி ஒருவருக்கு 5 லீற்றர். 12 கட்டிலும் 60 வெளிநோயாளரும் என்றால் 720 உம் 300 உம், ஆயிரத்துச் சொச்சம். நாலு கட்டில் என்றால் பாதிதான். இரண்டு நாளைக்குத் தாங்கும் மேல்தொட்டி போதும்.

ஒட்டோகிளேவுக்கும் ஆய்வுகூடத்துக்கும் மழைத்தண்ணி. 200 சதுரமீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர், இழப்புப் போக 160. எங்கள் மழை கூடுதலாக ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் கூரையை விடத் தொட்டியின் கொள்ளளவுதான் முக்கியம்.

நாற்சார்வீடு:
வீட்டுக்குப் போற குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயது போன ஆக்களுக்கு முதலாவது எதிரி நீரிழிவுக் கால். வெறுங்காலோட சுடுமணலில நடக்கிறவை, கால் விறைச்சிருக்கிறது தெரியாது. 10 கிராம் அழுத்தத்தில வளையிற நைலோன் இழையால பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்குதோ எண்டு பார்க்கிறதுக்கு ஒரு பயிற்சி பெற்ற பிள்ளை போதும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில பாவனையில உள்ள இன்சுலினை இரட்டை மண்பானைக்குள்ள, இடையில ஈர மணல் போட்டு, நிழலில வைக்கலாம். சோளகக் காத்து வீசிற மாதங்களில நல்லாக் குளிரும். மாரியில காத்தில ஈரம் கூட, அவ்வளவு குளிராது, ஆனா அப்ப வெக்கையும் குறைவு. உடைக்காத குப்பிகளை கிளினிக் குளிர்ப்பெட்டியில 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில வைச்சு, ஒவ்வொண்டாக் குடுங்கோ. உறைஞ்ச இன்சுலினைத் திரும்பப் பாவிக்கக்கூடாது.

ஒல்லாந்தர்வீதி:
இந்த வடிவமெண்டா எனக்கு மறுப்பில்லை. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையோடயும் பிராந்திய சுகாதாரப் பணிமனையோடயும் முதல்லயே இருந்து கதைச்சு, ஆரை எங்க அனுப்புறதெண்டு எழுத்தில எடுங்கோ. 1990 எண்ட இலக்கத்துக்குப் போன் எடுத்தா வாற அம்புலன்ஸ் வண்டியின்ர நேரத்துக்கும் உங்கட வண்டி போற நேரத்துக்கும் குழப்பம் வரக்கூடாது.

பனங்கூடல்:
எல்லாருக்கும் நன்றி. கொள்கலனை நிப்பாட்டச் சொல்லி இண்டைக்கே எழுதிறன். மேல்மாடி இல்லை, சீ.ரி. இல்லை. நாலு கட்டில், விடுதி, அம்புலன்ஸ், மூடின கழிவுத்தொட்டி, மழைத்தொட்டி, ஆறு பிள்ளையளின்ர படிப்பு. இதைத்தான் வாற கூட்டத்தில வைக்கப்போறன். இரண்டு கேள்வி மிச்சம் இருக்கு. ஜெனரேற்றர் எவ்வளவு பெரிசு வேணும்? மழைத்தொட்டிக்குள்ள காகத்தின்ர எச்சமும் சருகும் போகாமல் என்ன செய்யிறது?

கறுத்தக்கொழும்பான்:
குளிர்ப்பெட்டி, இரண்டு கொன்சென்றேற்றர், ஒட்டோகிளேவ், லைற், தண்ணி மோட்டர் எல்லாத்தின்ர வாற்ஸையும் கூட்டி, மோட்டர் கிளம்பேக்க இழுக்கிறதுக்கு மூண்டு மடங்கு போட்டுப் பாருங்கோ. ஒட்டோகிளேவும் தண்ணி மோட்டரும் ஒரே நேரத்தில ஓடாதமாதிரிப் பிரிச்சா சின்ன ஜெனரேற்றர் காணும். கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம், பாரத்தோட ஓட்டுங்கோ. சும்மா ஓட்டினா டீசல் முழுக்க எரியாமல் புகைக்குழாயில கரி கட்டும். தேவைப்படுற இரவில கிளம்பாமல் போறது கூடுதலா பற்றறியாலதான், அதை இரண்டு மூண்டு வருசத்தில மாத்திப்போடுங்கோ.

துலாமிதி:
பீலியிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயில், தொட்டிக்கு முன் ஒரு கிளை இறக்கி, அடி மூடிய நிலைக்குழாய் அல்லது பீப்பாய் வையுங்கள். முதல் 1 மில்லிமீற்றர் மழை, உங்கள் கூரைக்கு 200 லீற்றர், அதற்குள் போகும். அது நிரம்பினால்தான் சுத்தமான தண்ணி தொட்டிக்குத் திரும்பும். பீப்பாயின் அடியில் சிறிய வடிகுழாய் வைத்து, மழை விட்டதும் திறந்து விடவேண்டும். திறக்க மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு முழுதும் தொட்டிக்குள்தான். தொட்டியின் வாய்க்கு நுளம்பு வலை போடுங்கள். டெங்கு பார்க்கிற இடத்திலேயே நுளம்பு வளரக்கூடாது.